மாதர் ஒதுங்கிடம்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எனக்கு மானேஜர் என்று பெயர். மற்ற மாதங்களில் பெயரே கிடையாது. தென்காசியில் என் தெருவிலேயே ‘அந்தக் குடைக்காரன்’ என்றால்தான் ஆள் தெரியும். வெளியூர்ப் பணக்காரர் ஒருவருக்குக் குற்றாலத்தில் சில பங்களாக்கள் இருந்தன. ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் அவற்றை வாடகைக்கு விட்டு, வந்து தங்குகிறவர்களுக்குச் சமையற்காரர், பால், விறகு, எண்ணெய் தேய்க்க ஆள் எல்லாம் ஏற்பாடு செய்வது என் வேலை. குரங்கு யாருடைய மூக்குக்கண்ணாடியையாவது தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டால், வாழைப்பழத்தைக் காட்டிப் பேரம் பேசித் திரும்ப வாங்குவதும் நான்தான். குரங்குகள் என்னை மதித்தன என்று சொல்ல முடியாது. ஆனாலும் பங்களா முதலாளியைவிட நியாயமாக நடந்துகொண்டன.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்திய காலம். அருவிக்குப் போகிற சாலையோரம் பெண்கள் வரிசையாகச் சாக்கு விரித்துப் பழம் விற்பார்கள். பண்பொழிப் பக்கமிருந்தும் சுரண்டைப் பக்கமிருந்தும் கூடைகளோடு வந்து, விடியுமுன் இடம் பிடித்துவிடுவார்கள். வரிசையின் தலையில் உட்கார்ந்திருந்தவளை எல்லாரும் அக்கா என்பார்கள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதுக்காக அல்ல, வாய்க்குப் பயந்து. பலாப்பழத்தை அரிவாளின் ஒரே வீச்சில் பிளப்பாள். விலையைக் குறைத்துக் கேட்கிறவரைப் பிளக்க அந்த அரிவாளும் வேண்டியதில்லை.

இந்தக் கதையில் பிற்பாடுதான் எனக்குத் தெரியவந்த ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னோடு சேர்ந்து நீங்களும் முட்டாளாக வேண்டியிருக்கும். முட்டாளின் இடத்தை நான் யாருக்கும் பங்கு கொடுப்பதில்லை.

சீசன் இல்லாத நாட்களில் குற்றாலத்தில் எந்தப் புதரும் மறைவுதான். சீசனிலோ ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் ஒருவர் கோவணத்தோடு நின்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். ஆக, வியாபாரம் நன்றாக நடக்கிற நாளில்தான் அந்தப் பெண்களுக்கு ஒதுங்க இடம் இல்லை. ஆண்களாகிய எங்களுக்கு இது ஒரு கஷ்டம் என்றே தோன்றியதில்லை. எங்களுக்கு உலகத்தில் எந்தச் சுவரும் போதும். அவர்களோ இருட்டோடு வந்தால் மறுபடி இருட்ட வேண்டும். அதனால் கண்ணெதிரே மலையிலிருந்து அருவி கொட்டிக்கொண்டிருக்க, பகல் முழுவதும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு நீர்க்கடுப்பு வந்து, வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: தண்ணீர் குடி, இல்லையென்றால் குற்றாலத்தை விடு. அவள் புருஷன் கொழும்புக்குப் போனவன். ஆளும் திரும்பவில்லை, தகவலும் இல்லை. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். சீசனில் விற்கிற பழம்தான் வருஷத்துக்கும் சோறு. குற்றாலத்தை எப்படி விடுவாள்?

அந்த வருஷம் எங்கள் பங்களாவுக்குச் சென்னையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பெரிய குடும்பத்து விதவை. கணவர் விட்டுப்போன சொத்தைப் பெண்களின் முன்னேற்றத்துக்கே செலவழிப்பது என்று முடிவு கட்டியிருந்தார். கப்பலேறிச் சீமைக்குப் போய், பல தேசத்துப் பெண்கள் கூடிய மகாநாடுகளில் பேசிவிட்டு வந்தவர். பங்களாவுக்கு வருகிற எல்லாரும் முதல் கேள்வியாக, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்பார்கள். இவர், “இங்கே பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “எல்லாம் செய்கிறார்கள்” என்று சொல்லி வைத்தேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன ஒரே சரியான வார்த்தை அதுதான்.

ஒருநாள் பிற்பகல், கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், அம்மாள் பழக்கார வரிசைக்கே வந்து ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் ஒரு படப் புத்தகம். நான் பின்னால் நின்று குடை பிடித்தேன். துருக்கியில் ஒரு பெண் வக்கீல், சீனாவில் ஒரு பெண் டாக்டர், இங்கிலாந்தில் ஓட்டுப் போட வரிசையில் நிற்கிற பெண்கள் என்று ஒவ்வொரு படமாகக் காட்டி, “உலகமெங்கும் பெண்கள் எழுந்துவிட்டார்கள்” என்றார்.

“நாங்களும் கோழி கூவமுன்னயே எந்திரிச்சிட்டோம்மா” என்றாள் ஒருத்தி.

அடுத்த படத்தில் தோல் தொப்பியும் கால்சட்டையுமாக ஓர் உருவம், ஆகாய விமானத்தின் இறக்கையில் சாய்ந்து நின்றிருந்தது.

“இது எந்தூருத் தொரையம்மா?” என்று கேட்டாள் அக்கா.

“துரை இல்லை, பெண். விமானம் ஓட்டுகிறவள். கடலைத் தன்னந்தனியாகத் தாண்டியிருக்கிறாள். ஒரு பகலும் ஓர் இரவும் கீழே இறங்காமல் பறப்பாளாம்.”

படம் கைமாறிக் கைமாறி வரிசை முழுவதும் போய் அக்காவிடமே திரும்பி வந்தது. அவள் அதைக் கவலையோடு பார்த்தாள்.

“அம்புட்டு நேரம் மேலயே கெடந்தா, எங்கனம்மா ஒதுங்குவா?”

விதி என்று ஒன்று இருக்கிறதல்லவா, சரியாக அந்த நேரம் பார்த்துச் சாரல் வலுத்தது. அம்மாள் வானத்தை ஒரு தரம் பார்த்தார். எங்கள் ஊர்ச் சாரலில் நனைந்துகொண்டு ‘ஒதுங்க’ என்று கேட்டால், மழைக்கு ஒதுங்குவது ஒன்றுதான் அவருக்குத் தோன்றும். எனக்கும் அதுதான் தோன்றியது.

“மழை வந்தால் மேகத்துக்கு மேலே ஏறிவிடுவாள்” என்றார் அம்மாள்.

வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏட்டி, மேகத்துக்கு மேலயாம்டி.”

“அப்பொ நம்ம தலையில இப்பொ விழுதது சாரல்தானாட்டி?” என்று இன்னொருத்தி கூடையைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். அடுக்கி வைத்த மங்குஸ்தான் உருண்டு சாலைக்கு ஓடிற்று. தன் பேச்சு இவ்வளவு நன்றாக எடுபட்டதே என்று அம்மாளும் சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் சிரிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. பங்களா முதலாளி சொல்கிற நகைச்சுவையெல்லாம் அப்படிப்பட்டதுதான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “மேகம் நமக்கு எட்டாதும்மா. தரையில ஒதுங்க ஒரு எடம் இருந்தாப் போதும். பகல்பூரா நிம்மதியா இருந்து யாவாரம் பாப்போம். இல்லைன்னா அடுத்த சீசனுக்கு நான் இங்கன வரமாட்டேன்.”

அம்மாள் தன் தலைக்கு மேல் இருந்த குடையையும், நனைந்து உட்கார்ந்திருந்த பெண்களையும் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அடுத்த சீசனுக்குள் கட்டிவிடுகிறேன்” என்றார். பெண்கள் கும்பிட்டார்கள்.

ஊருக்குப் போகுமுன் அம்மாள் ஒரு கமிட்டி போட்டார். தலைவர், சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பென்ஷன்காரர். காரியதரிசி நான். மூன்றாமவர் ஓர் அரிசி மண்டிக்காரர். கூட்டம் தொடங்கியதும் தூங்குவார், முடிந்ததும் எழுந்து “எனக்குச் சம்மதம்” என்பார். எங்கள் மூன்று பேரில் உருப்படியான யோசனை சொன்னவர் அவர்தான் என்று இன்றைக்குப் படுகிறது.

பழக்கடை வரிசைக்குப் பின்னால் இடம் கிடைத்தது. நாலு தூண், மேலே ஓடு, கீழே வழவழவென்று சிமெண்டுத் தரை. நாலு பக்கமும் திறப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையும் மரமும் தெரியும்படி நானே நின்று பார்த்துப் பார்த்துக் கட்டச் செய்தேன். கல்வெட்டு விஷயத்தில்தான் எனக்கும் தலைவருக்கும் தகராறு.

“லேடீஸ் ஷெல்டர்னு போட்டுருவோம். எல்லாருக்கும் வெளங்கும்” என்றார் அவர்.

எனக்குத் தமிழ் ரத்தம் கொதித்தது. கல்யாணங்களுக்கு வாழ்த்துப் பா எழுதி, மாப்பிள்ளை வீட்டாரே பாதியில் சாப்பிடப் போய்விட்ட அனுபவம் உள்ள கவிஞன் நான். விடுவேனா? “நம்ம ஊர்ல நம்ம பாஷையில இருக்கட்டுமே. அந்தப் பொம்பளைக வாயில வந்த சொல்லையே வெட்டுவோம்” என்று வாதாடி ஜெயித்தேன். ஒரு முழ உயரக் கருங்கல்லில், தூரத்திலிருந்தே படிக்கும்படியான எழுத்தில், ‘மாதர் ஒதுங்கிடம்’ என்று வெட்டி வாசல் பக்கம் நட்டோம். கல் வெட்டியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் தமிழைக் கண்டு பிரமித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இடையில் அக்கா ஒருநாள் வந்து கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“எப்பொ அண்ணாச்சி அடைப்பீய?”

“அடைப்பு எதுக்கும்மா? காத்து வர வேண்டாமா?”

“காத்து வரட்டும். கண்ணு வரக்கூடாதுல்லா.”

நியாயம்தானே என்று பட்டது. இவ்வளவு அழகான கட்டடத்தின் மேல் ஊர்க் கண் பட்டால் என்ன ஆகிறது? மறுநாளே ஒரு பெரிய பூசணிக்காய் வாங்கி, அதில் கோரைப்பல்லும் முழிக்கண்ணுமாக ஓர் அரக்கன் முகம் எழுதி, நடு உத்தரத்தில் தொங்கவிட்டேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் எதுவும் பேசாமல் போய்விட்டாள். அவள் பேசாமல் போனது அந்த ஒரு தடவைதான். அதிலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அம்மாள் திறப்பு விழாவுக்கு வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டே என் மனைவியிடம் கல்வெட்டு வாசகத்தைச் சொன்னேன். மெதுவாக, நிறுத்தி, ராகம் போடுகிற மாதிரிச் சொன்னேன்.

அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “கட்டடத்துக்குச் சுவரு எந்தப் பக்கம்?”

“சுவரே கிடையாது. அதுதானே அழகு.”

அவள் கரண்டியை வைத்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு அடுக்களைக்குள் போனாள். அங்கே பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. என்னவோ ஏதோ என்று எச்சில் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிய பிறகு விளக்கினாள்.

“நாலு தூணை நட்டு, ஓடும் போட்டு, நடுவுல அரக்கனையும் தொங்கவிட்டு, ‘இங்கன ஒதுங்குங்கட்டி’ன்னு கல்லும் வச்சிருக்கிய. எவ வருவா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. “மழைக்குன்னு நெனச்சேன்.”

“மழைக்கா? நனைஞ்சா காஞ்சிரும். மழையிலயே பொறந்து வளந்தவளுவ.” சிரிப்பு அடங்கி, கொஞ்சம் வேறு குரலில் கேட்டாள்: “வருசா வருசம் அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நீங்க கூப்பிடும்போதெல்லாம் நான் தலைவலின்னு சொன்னேன்லா. எதுக்குன்னு நெனச்சிய?”

தலைவலிக்கு என்றுதான் நினைத்திருந்தேன். சுக்கு அரைத்துப் பற்றுக்கூடப் போட்டிருக்கிறேன். போய்க் கையைக் கழுவினேன்.

கல்லைப் பிடுங்க நேரமில்லை. காலையில் முதல் வேலையாகச் சாமந்தி மாலைகளை வாங்கிக் கல்லுக்கு உச்சியிலிருந்து அடிவரை சாத்தி, எழுத்தே தெரியாமல் மறைத்தேன். அதற்குள் அருவியில் குளித்துவிட்டு வந்த ஆண்கள் ஈரத்துண்டோடு உள்ளே உட்கார்ந்து சீட்டாடத் தொடங்கியிருந்தார்கள். பழக்கார வரிசை முழுவதும் வெளியே, சாரலில் நின்றது. என் மனைவியும் வந்திருந்தாள். இப்படி ஒரு வேடிக்கையைத் தலைவலி என்று சொல்லி விட்டுவிடுவாளா?

அம்மாள் வந்து இறங்கினார். தலைவர் வரவேற்புப் பத்திரம் வாசித்தார். அவர் மூன்றாவது பக்கம் புரட்டும்போது ஒரு தாட்டியான குரங்கு மரத்திலிருந்து கல்லின் மேல் குதித்து, மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தது. நான் ‘சூ’ என்றேன். அது இன்னொரு மாலையை எடுத்துக்கொண்டது.

“ஏலே, என்னமோ எழுதியிருக்கு, படிலே” என்றான் சீட்டாட்டக்காரன் ஒருவன்.

“மாதர்... ஒதுங்கிடம்.”

“இங்கனயா? அப்பொ நாம எங்கன உக்காந்திருக்கோம்?”

அதைக் கேட்டதும் உள்ளே இருந்தவர்கள் சீட்டைக்கூட எடுக்காமல் எழுந்து ஓடினார்கள். ஒருவர் தரையை முகர்ந்து பார்த்துவிட்டு ஓடினார். அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கல்லைப் படித்து, “நல்ல தமிழாக இருக்கிறதே” என்று என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார். “உங்களுக்காகக் கட்டியது. நீங்கள்தான் முதலில் போக வேண்டும்.”

அக்கா அசையவில்லை. “போறேம்மா. எந்தத் தூணுக்குப் பின்னாலன்னு நீங்களே சொல்லிருங்க.”

என் மனைவி முன்னால் போய் அம்மாளின் காதில் ஏதோ சொன்னாள். அம்மாளின் முகம் முதலில் சிவந்தது. பிறகு கண் விரிந்தது.

“அப்படியானால் போன வருஷம் அந்த விமானம் ஓட்டுகிற பெண்ணைப் பற்றிக் கேட்டது...”

“அதேதாம்மா” என்றாள் என் மனைவி.

அம்மாள் அந்த ஈரத் தரையிலேயே, பட்டுப்புடவையோடு உட்கார்ந்துவிட்டார். சீமையில் மகாநாடுகளில் பேசியவர் எங்கள் தெருப் பெண்களைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். ஓய்ந்த பிறகு, அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார். “தண்ணீர் குடிக்காமலா இருக்கிறீர்கள்?”

“நான் கூடை தூக்குன நாள்லருந்து அப்படித்தாம்மா. இந்த வருசம் ஒடம்பு கேக்க மாட்டேங்கு. இன்னைக்கு ஒங்களப் பாத்துட்டு, கூடையைக் கட்டிட்டுப் போவத்தான் வந்தேன்.”

தலைவருக்குப் பொறுக்கவில்லை. வரவேற்புப் பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தார். “தர்மமாக் கட்டிக் குடுத்ததுக்கு நொட்டை சொல்லுதா பாருங்க. சபையில பேசுத பேச்சா இது? எதுன்னாலும் கமிட்டி கூடித்தான் முடிவு செய்யணும்.”

“அய்யா, ஒங்க வீட்டுப் பொறவாசலுக்குப் போறதுன்னாலும் கமிட்டி கூடித்தான் போவியளா?” என்றாள் அக்கா.

ஓடிப்போய் மரத்தடியில் நின்ற சீட்டாட்டக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். மண்டிக்காரர் விழித்துக்கொண்டு, “எனக்குச் சம்மதம்” என்றார்.

அம்மாள் எழுந்து புடவையை உதறினார். சிரிப்பு போய்விட்டிருந்தது. “தவறு யார் மேலும் இல்லை, என் மேல்தான். எத்தனையோ தேசத்தில் போய், பெண்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்க்க வேண்டும் என்று பேசினேன். இங்கே வந்து, பெண்களுக்குக் கட்டுவதை மூன்று ஆண்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன்” என்றார். அந்த நிமிஷமே எங்கள் கமிட்டி கலைந்தது. புதுக் கமிட்டியில் அக்கா, என் மனைவி, பண்பொழியிலிருந்து வருகிற கொய்யாப்பழக்காரி. நின்ற நிலையில் கூடி, நின்ற நிலையில் முடித்தார்கள். நாங்கள் ஒரு வருஷம் கூடிய கூட்டங்களை நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தின் மூன்று பக்கத்தை அன்று மாலையே ஓலைத் தட்டியால் மறைத்தார்கள். அது ஈரப் புடவை மாற்றவும், பிள்ளைக்குப் பால் கொடுக்கவும், கொஞ்சம் காலை நீட்டவும். அதற்குப் பின்னால், ஓடைத் தண்ணீரில் கலக்காதபடி தள்ளிப்போய் மேட்டில் குழி வெட்டி, தடுப்புச் சுவர் வைத்து, கதவு போட வேண்டும். இடத்தை அக்கா காலால் கோடு கிழித்துக் காட்டினாள். கொத்தனார் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்கப் போனார்.

“அங்கன என்ன பார்வை? அவுஹளுக்கு இனி இதுல வேலையில்லை” என்றாள் அக்கா.

“அப்படிச் சொல்லாதீய. தண்ணி எடுத்து ஊத்த ஒரு ஆள் வேணும்லா” என்று எனக்காகப் பரிந்து பேசினாள் என் மனைவி. மானேஜராகவும் காரியதரிசியாகவும் இருந்த நான் இப்படியாகக் குடத்துக்கு உயர்ந்தேன். கல்லைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், சுவர் எழும்பிய பிறகு அதில் ஒரு தப்பும் இல்லை என்று கமிட்டி முடிவு செய்தது. நான் எழுதியதில் திருத்தம் இல்லாமல் ஏற்கப்பட்டது அது ஒன்றுதான்.

வேலை முடிகிறவரை அக்கா மட்டும் மத்தியானத்தோடு கூடையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பாதி வியாபாரம் போயிற்று. ஆனாலும் கூலியாட்களை அதட்ட விடிந்ததும் வந்துவிடுவாள். கதவு பொருத்திய அன்று உச்சி வெயில் நேரம். வெயில் என்று ஒன்று இருந்தால். நான் குடத்தோடு வரிசைப் பக்கம் போனேன். அக்கா ஒரு செம்பை நீட்டினாள். நிறைய ஊற்றினேன்.

அப்போது பார்த்து, தலையில் எண்ணெய் வழிய ஒருவர் வந்து மங்குஸ்தான் என்ன விலை என்று கேட்டார். வந்த ஆளை நிற்க வைக்கிற வழக்கமே அக்காவுக்குக் கிடையாது. அன்று இடது கையால் ‘நில்லும்’ என்று காட்டிவிட்டு, அண்ணாந்து, ஒரு சொட்டு கீழே விடாமல், செம்பு காலியாகிறவரை குடித்தாள். பட்டப்பகலில், நடுச்சாலையில். வரிசை முழுவதும் பழத்தை விட்டுவிட்டு அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செம்பை மறுபடி என் பக்கம் நீட்டினாள்.

“போதும்மா. வயித்த என்னமாவது செஞ்சிரும்” என்றேன்.

“நீரு ஊத்தும் அண்ணாச்சி. செஞ்சா ஒதுங்கிக்கிடுதேன்.”